புல்தரையில் ஐந்து பச்சைத் திட்டுகள்

ஆர்லிஸ் ட்வெய்ட் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு ஜூன் மாதம் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாளே ஊர் அவளைப் பிடித்துக்கொண்டது. மொன்டானாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் டொலிவரில் மொத்தமே அறுநூறு பேர். ஓய்வு பெற்றவள் இனிப் பொழுதை எப்படிப் போக்க வேண்டும் என்பதில் அவர்களில் ஐந்நூற்றுத் தொண்ணூறு பேருக்குத் தீர்மானமான கருத்து இருந்தது.

லூத்தரன் தேவாலயத்தில் போர்வை தைக்கும் பெண்கள் அவளுக்கென்று ஒரு நாற்காலியையே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மூன்று செவ்வாய்க்கிழமை போனாள். தையல் பரவாயில்லை, ஆனால் யாருடைய பித்தப்பையில் எத்தனை கல் என்ற பேச்சை நாலாவது செவ்வாயும் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. தபால் நிலையத்து மேவிஸ் பறவை பார்க்கச் சொல்லித் தன் தூரக்கண்ணாடியைக் கொடுத்தாள். "சுட்டுச் சமைக்க முடியாத பறவையை வெறிச்சுப் பாத்து என்ன பண்றது மேவிஸ்?" என்று ஒரே வாரத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ரொட்டிக்கு மாவு புளிக்கவைக்கும் ஆசையும் வந்தது. அந்த மாவு குளிர்சாதனப் பெட்டியின் மூலையில் கவனிப்பாரின்றிச் செத்துப்போனது.

"உனக்குப் பொழுதுபோக்கு எதுக்கு? என்னத் திட்டறதே முழுநேர வேல" என்றான் அவள் கணவன் ஓரின். மாவட்டச் சாலைகளைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டியவன். அவளுக்கு மூன்று வருஷம் முன்பே ஓய்வு பெற்று, கராஜில் குடியேறிவிட்டான்.

கராஜ் என்றால் கார் நிற்கும் இடம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கார் வெளியேதான் நிற்கும். உள்ளே அவனுடைய மேஜை, அதில் முடுக்கி வைத்த கைப்பிடி இயந்திரம், தராசு, வரிசையாக வெடிமருந்து டப்பாக்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, அடியில் தீப்பொறி கொடுக்கும் புதிய கேப் பொருத்தி, அளந்து மருந்து போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தி, மறுபடி தோட்டாவாக்குவது அவன் வேலை. அந்த ஊரில் பாதி ஆண்கள் செய்வதுதான். சிக்கனத்துக்காக என்று ஆரம்பிப்பார்கள். சிக்கனமானதாக இதுவரை ஒருவனும் நிரூபித்ததில்லை.

ஆனால் ஆர்லிஸின் துப்பாக்கி விஷயத்தில் அது சிக்கனமும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை, தேவை. அவளுடையது இருநூற்றைம்பத்தேழு ராபர்ட்ஸ் என்ற பழைய ரகம். எண்பத்தொன்பதாம் வருஷம் தீயணைப்புப் படையினர் நடத்திய குலுக்கலில் விழுந்தது. ஓரின் பத்துச் சீட்டு வாங்கினான். அவள் சில்லறையை ஒழிக்க ஒன்று வாங்கினாள். ஒன்றுக்குத்தான் விழுந்தது. இந்தக் கதையை அவள் சொல்லாத நன்றியறிதல் விருந்து கிடையாது. அழகான துப்பாக்கி, தோளை உதைக்காது. ஒரே குறை, அதற்கான தோட்டா கடையில் கண்ணில் படுவதே அபூர்வம். அதனால் ஒவ்வொரு கோடையிலும் ஓரின் ஐம்பது தோட்டா அடைத்து, டப்பா மேல் அவள் பெயரை எழுதி வைப்பான். அக்டோபரில் இருவரும் விடியலுக்கு முன் கிளம்பிப்போய், குளிர்காலத்துக்கான மான்கறியோடு திரும்புவார்கள். வருஷம் முழுவதற்கும் சேர்த்து அவர்கள் சண்டை போடாமல் இருக்கும் நாட்கள் அவைதான்.

டொலிவரில் ஒருவன் இன்னொருவனுக்கு டிராக்டரைக் கொடுப்பான், கன்று ஈனும் பசுவுக்காக ராத்திரி எழுந்து வருவான். ஆனால் ஒருவன் அடைத்த தோட்டாவை இன்னொருவன் சுடமாட்டான். மருந்து கொஞ்சம் கூடிப்போனால் வெடிப்பது அடைத்தவன் முகத்துக்கு முன்னால் அல்ல, சுடுகிறவன் முகத்துக்கு முன்னால். பெண்டாட்டி மட்டும் இதற்கு விலக்கு. அவள்தான் ஏற்கனவே எல்லாவற்றுக்கும் துணிந்து கையெழுத்துப் போட்டவளாயிற்றே.

ஆகஸ்டில் ஊர்க்கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. புல்லுக்கு யாரும் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு. எல்லார் வீட்டுப் புல்லும் காய்ந்த ரொட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாள் காலை ஆர்லிஸ் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கராஜுக்குப் பின்னால் ஐந்தே ஐந்து இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகக் கொழித்து நின்றது.

அடுத்த வீட்டு டெல்மர் ஸ்டெங்கலின் நாய் வேலை என்று முடிவுகட்டி, சண்டைக்குத் தயாராகக் காபிக் கோப்பையோடு வெளியே போனாள். பாதி தூரத்தில்தான் உறைத்தது. நாய் ஒன்றுக்குப் போனால் புல் கருகும், இப்படி மதமதவென்று வளராது. குனிந்து புல்லை விலக்கினாள். வேரடியில், பென்சில் முனையைப் பொடிப்பொடியாக நறுக்கியதுபோல் சாம்பல் நிறக் குச்சிகள். மருந்து.

சந்தேகத்துக்கு இடமான மருந்தை அங்கே யாரும் திரும்ப டப்பாவில் போடமாட்டார்கள். எது எதோடு கலந்தது என்று தெரியாத மருந்து எமன். புல்லில் மெல்லத் தூவிவிடுவார்கள். அது கரைந்து உரமாகிவிடும். ஓரின் முப்பத்து நாலு வருஷத்தில் இதைச் செய்தது ஒரே ஒரு தடவை. தொண்ணூற்றாறில், வேலைக்கு நடுவில் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டுத் திரும்பியவனுக்கு இரண்டு டப்பாவில் எதிலிருந்து ஊற்றினோம் என்று மறந்துபோயிற்று. அன்றிலிருந்து கராஜுக்குள் தொலைபேசி இல்லை, வானொலி இல்லை, பேச்சு இல்லை. மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரு டப்பாவுக்கு மேல் இல்லை.

அப்படிப்பட்டவன் ஒரே கோடையில் ஐந்து தடவை கொட்டியிருக்கிறான்.

ஆர்லிஸுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஜூலையில் இரண்டு நாள் கராஜிலிருந்து டொக் டொக் என்று சத்தம். கேட்டதற்கு, அலமாரியைச் சரிசெய்கிறேன் என்றான். நேரே கராஜுக்குள் போய்ப் பார்த்தாள். அலமாரி எப்போதும்போலக் கோணலாகவே நின்றது. அவள் பெயர் எழுதிய டப்பாவைத் திறந்தாள். காலி. பக்கத்தில் ஒரு காபி டின்னில் அவளுடைய ஐம்பது கூடுகளும், ஐம்பது குண்டுகளும், தனித்தனியாகப் பிரித்துப் போட்டுக் கிடந்தன. சுத்தியல் மாதிரி ஒன்றில் தோட்டாவைப் பொருத்தி ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டித்தான் அப்படிப் பிரிக்க முடியும்.

கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். உள்ளே போய்ப் புளிப்பான ருபார்ப் கீரைத் தண்டை நறுக்கிப் போட்டு ஒரு தட்டு இனிப்பு செய்தாள். வழக்கம்போல மாவையும் சர்க்கரையையும் கண்ணளவில்தான் கொட்டினாள். ஓரின் வந்து உட்கார்ந்ததும் ஒரு துண்டை வைத்தாள்.

"எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?"

"புல்லு சொல்லிடுச்சு ஓரின். அஞ்சு எடத்துல சொல்லிடுச்சு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"மார்ச்சுலேர்ந்து. வலது கண்ணுல நட்டநடுவுல ஒரு புகை. டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு தெரியல. தராசுல மூணும் எட்டும் ஒண்ணாத் தெரியுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேனே. பில்லிங்ஸ் டவுனுக்கு வண்டிக்கு ஏதோ பாகம் வாங்கப் போறேன்னு சொன்னேன்ல, அன்னிக்கு."

"அன்னிக்கு ஒரு பாகமும் வரலியே!"

"நீ கேக்கலியே." இனிப்பை ஒரு கடி கடித்தான். "ஊசி போடறாங்க. இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாமாம். போனது போனதுதான். இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு, ஆனா கிட்டத்துல ரெண்டும் சண்ட போட்டுக்குது."

"என்னோட அம்பதும்?"

அதற்குத்தான் அவன் தயங்கினான். "அடைச்சு முடிச்சு டப்பாவ மூடும்போது ஒரு சந்தேகம். நான் வெச்சது மூணா எட்டா? ரெண்டு ராத்திரி தூக்கம் வரல. எல்லாத்தையும் ஒடச்சுட்டேன். உன் மூஞ்சிக்கு முன்னாடி வெடிக்கப் போறத நான் சந்தேகத்தோட எடுத்துக் குடுக்க முடியாதும்மா."

அவளுக்குக் கோபம் வந்தது. மார்ச்சிலிருந்து மறைத்தானே என்ற கோபம். அதே மூச்சில், இரண்டு நாள் உட்கார்ந்து ஐம்பதையும் உடைத்தவனை இழுத்து முத்தமிட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் இன்னொரு துண்டை வைத்தாள்.

"புதுசா ஒரு இருநூத்தி எழுபது துப்பாக்கி வாங்கிக்கோ. அதுக்கு பெட்ரோல் பங்க்ல கூட தோட்டா கெடைக்கும்" என்றான்.

"பத்துச் சீட்டு வாங்கினவனுக்கு விழாதது எனக்கு விழுந்திருக்கு. அத விட்டுட்டு பெட்ரோல் பங்க்குக்குப் போகணுமா?"

அன்று மாலையே டெல்மருக்கு வாடை அடித்துவிட்டது. வேலிமேல் சாய்ந்துகொண்டு, "நான் வேணா ஆர்லிஸுக்கு ஒரு டப்பா அடைச்சுத் தரட்டுமா?" என்றான். நல்ல மனசோடுதான் கேட்டான். ஓரின் முகம், தன் பெண்டாட்டியை இன்னொருவன் நடனத்துக்குக் கூப்பிட்டதுபோல் ஆகிவிட்டது.

"அவன் அடைச்சத சுடணும்னா நீ அவனத்தான் கட்டிக்கணும்" என்றான், டெல்மர் போனபிறகு.

"அவன் பல்செட்ட கழட்டிட்டு சாப்பிடுவான். வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "நானே அடைக்கறேன்" என்றாள்.

ஓரின் சிரித்துவிட்டான். "நீயா? கேக்குக்கு மாவே அளக்காதவ நீ! அங்க ஒரு துளி, ரெண்டு துளி கணக்கு. கைக்கு வந்தத அள்ளிப் போட அது அடுப்படியா?"

கேலிதான், ஆனால் சுருக்கென்று தைத்தது. அதில் உண்மை இருந்ததால் இன்னும் ஆழமாகத் தைத்தது. மூன்று நாள் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்தாளே தவிர, மனசு அதையேதான் மென்றுகொண்டிருந்தது. அவள் அவசரக்காரி, அது அவளுக்கே தெரியும். அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. அந்த மேஜையில் அவள் போய் உட்கார்ந்தால், உன் காலம் முடிந்தது, எழுந்திரு என்று ஓரினிடம் சொல்வதாகாதா? உட்காராமல் விட்டால் அக்டோபர் போய்விடும். அதோடு, கராஜில் அவன் காலி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டில் எது குறைந்த பாவம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தது ரோலண்ட். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அவளுடைய பேருந்துக்கு ஓட்டுநராக வந்து சேர்ந்திருந்த பெரிய மனிதர். பள்ளி திறந்த வாரம் ஆர்லிஸ் பேருந்துக் கொட்டகை வழியாகப் போனபோது, அந்த ஆள் கையில் காபியோடு நேராக ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பப் பார்த்தார். அவள் தன் பிக்கப் வண்டியைக் குறுக்கே நிறுத்தி இறங்கினாள்.

"டயர் பாத்தீங்களா?"

"நேத்து பாத்தேன் ஆர்லிஸ்."

"நேத்து நேத்தோட போச்சு. எறங்குங்க."

அவரை இறக்கி வண்டியைச் சுற்ற வைத்தாள். டயர், விளக்கு, பிரேக் குழாய், அவசரக் கதவு, பின்சக்கரத்துக்கு அடியில். முப்பத்தொரு வருஷம், பனி முழங்காலைத் தொட்ட நாளிலும், மூக்கு விறைத்த நாளிலும், ஒரு காலைகூட அவள் இதை விட்டதில்லை. மனப்பாடமாகத் தெரிந்தாலும் அட்டையைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகக் குறித்தாளே ஒழிய ஞாபகத்தை நம்பவில்லை. சாயங்காலம் கடைசி நிறுத்தத்துக்குப் பிறகு பின்வரிசை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்ப்பாள், எந்தக் குழந்தையாவது தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று. அட, நான் அளக்காதவளா? அவள் பிக்கப்பில் ஏறும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கராஜ் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"அடுப்படில நான் கண்ணளவுல போட்டா என்ன ஆகும்? கேக் அமுங்கும். யாரும் சாகமாட்டாங்க. அதான் அங்க அளக்கறதில்ல. நாப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு பனியில போனவ நான். ஒரு திருகாணியையாவது கண்ணளவுல விட்டிருக்கேனா? சொல்லு."

ஓரின் யோசித்தான். நியாயமானவன்தான். "இல்ல."

"இன்னொண்ணு. உன் மேஜைய எனக்குக் குடுன்னு நான் கேக்கல. நீ அங்கேயே உக்காரு. கண்ணு என்னோடது, மத்ததெல்லாம் உன்னோடது. எண்ண நான் சத்தமாப் படிப்பேன், நீ சரின்னு சொன்னாத்தான் அடுத்தது."

"இங்க பேசக் கூடாது."

"எண் மட்டும்தான் பேசுவேன்."

"உன்னால முடியாது."

"பாரேன்."

செப்டம்பரின் முதல் சனிக்கிழமை காலை ஆரம்பித்தார்கள். ஓரின் உயரமான ஸ்டூலில், அவள் மேஜைக்கு முன்னால். பழைய பேருந்து அட்டையிலேயே ஒரு தாளைச் செருகி, ஒவ்வொரு படியையும் எழுதி வைத்திருந்தாள். மருந்தளவு புத்தகத்தைத் திறந்தபோது, "அதெல்லாம் எதுக்கு, எனக்குத் தெரியும்" என்று ஓரின் ஒரு எண்ணைச் சொன்னான்.

அவள் விரலை வரிமேல் வைத்துப் பார்த்தாள். "புத்தகத்துல அப்படி இல்ல. நீ சொன்னது அதிகம்."

"அப்படியா?" என்றான். "சரி, புத்தகத்துல இருக்கறதுல குறைஞ்சதையே எடு."

சோதித்தானா, மறந்துபோனானா? அவள் கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் பதில் ஒன்றுதான், புத்தகத்தைப் பார்.

எண்ணைத் தவிர வேறு பேசாமல் ஒன்றரை மணி நேரம் போயிற்று. அவள் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தராசின் எண் அசைந்து அசைந்து நிற்கும். அவள் சொல்வாள். அவன் "ம்" என்பான். அடுத்தது. பித்தப்பையும் இல்லை, கல்லும் இல்லை. பக்கத்தில் ஓரின் மூச்சு விடும் சத்தம் மட்டும். இத்தனை வருஷம் இவன் இங்கே வந்து என்னதான் செய்தான் என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

ஐம்பது கூடுகளும் மருந்தோடு மரத்தட்டில் ஐந்து ஐந்தாகப் பத்து வரிசை நின்றன. குண்டை அழுத்துவதற்கு முன் ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்லிஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டாள். முன்வரிசையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் குனிந்து, பின்னால் போனாள். நாலாவது வரிசையில் நின்றாள்.

"ஓரின்."

"எண் மட்டும்."

"நாலாவது வரிசை, ஜன்னலோரம். ஒருத்தன் தூங்கறான்."

ஒரு கூடு காலியாக இருந்தது. ஓரினுக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. பிறகு ஸ்டூலிலிருந்து விழுந்துவிடுவான்போலச் சிரித்தான். அந்தக் கராஜில் மௌன விரதத்தை விதித்தவனே அதை உடைத்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவன் சொன்னான், "எனக்கு இது தெரிஞ்சிருக்காதும்மா." அவள் அவன் முழங்காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். காலிக் கூட்டுக்கு மருந்தளந்து போட்டு, முழுத் தட்டையும் திரும்ப முதலிலிருந்து பார்த்துவிட்டுத்தான்.

அடுத்த வாரம் ஊருக்கு வெளியே சரளைக்கல் குழியில், துப்பாக்கி பழகும் இடத்துக்குப் போனார்கள். டெல்மர் ஏற்கனவே அங்கே இருந்தான். டப்பா மேல் ஆர்லிஸின் கையெழுத்தைப் பார்த்ததும் பத்தடி நடந்து தன் பிக்கப்பின் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"கேக் செய்யற கையால அடைச்சதா? இன்ஷூரன்ஸ் கட்டியாச்சா ஆர்லிஸ்?"

"உன் பல்செட்ட மொதல்ல பத்திரமாப் பிடிச்சுக்கோ."

அடைத்தவளே முதலில் சுட வேண்டும் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட விதி. விசையை அழுத்தினாள். வழக்கமான சத்தம், தோளில் வழக்கமான மெல்லிய தட்டு. கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை, வீக்கம் இல்லை. இன்னும் நாலு. குறிக்கு வைத்த அட்டையில் ஐந்து ஓட்டைகளும் ஒரு பிஸ்கட் அளவுக்குள் விழுந்திருந்தன. டெல்மர் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து தொப்பியைத் தூக்கினான்.

அப்போது ஓரின் பெஞ்சில் அவள் இடத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டினான்.

"ஒண்ணு குடு."

டெல்மர் வாயைப் பிளந்தான். "ஓரின்! நாப்பது வருஷமா நான் அடைச்சதுல ஒண்ணத் தொட்டிருப்பியா நீ? யார் அடைச்சதையாவது சுட்டிருக்கியா?"

ஓரின் திரும்பவில்லை. ஆர்லிஸ் ஒரு தோட்டாவை அவன் உள்ளங்கையில் வைத்தாள். மற்றவர்களானால் உருட்டிப் பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள். அவன் பார்க்கவே இல்லை. அப்படியே உள்ளே தள்ளி, மூடி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தான். அவன் முகத்துக்கு முன்னால் இப்போது இருப்பது அவள் அடைத்த தோட்டா. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். வழக்கமான சத்தம்தான்.

"எங்க விழுந்துச்சு?" அவனுக்கு அவ்வளவு தூரத்தில் ஓட்டை தெரியவில்லை.

அவள் டெல்மரின் தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "இடது பக்கம். கையகலம் தள்ளிப் போயிருக்கு."

ஓரின் தலையாட்டினான். கூட்டை வெளியே எடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவை தடவி, அவள் டப்பாவில் அதன் இடத்தில் தலைகீழாக வைத்தான்.

"அது என் கண்ணு. தோட்டா நல்லாருக்கு" என்றான். மறுபடி கையை நீட்டினான். "இன்னொண்ணு குடு."